ஆறாவது கட்டை

பால் பாக்கெட்டைத் திறந்தால் அழகேசன் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார். அன்று காலையில் வாங்கிய பாலாக இருந்தாலும் சரி, இன்னும் எட்டு நாள் தாங்கும் என்று அட்டையில் தேதி போட்டிருந்தாலும் சரி. தேதியை அச்சடித்தவன் யார், அவனை மேற்பார்வையிட்டவன் யார் என்பது அவர் கேள்வி. மகள் யாமினி தான் காதலித்த பையனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, "நீங்க வேலை பார்க்கிற கட்டடத்துக்கு எத்தனை வாசல்?" என்று கேட்டவர். பையன் மூன்று என்றான். அடுத்த வாரம் இவர் பஸ் ஏறிப்போய் எண்ணிப் பார்த்தார். மூன்றுதான். அதன் பிறகும் கல்யாணத்துக்கு அரைமனதாகத்தான் தலையாட்டினார். யாமினி இன்று சிங்கப்பூரின் கிழக்கே காத்தோங்கில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். அழகேசன் இன்னும் அந்த மாப்பிள்ளையை ஒரு கண் வைத்துத்தான் பார்க்கிறார்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தாரா என்றால் இல்லை. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில், எக்ஸ்ரே திரைக்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். பெட்டிமேல் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே ஒன்று இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஒருநாள் 'பட்டுச் சேலை' என்று எழுதிய பெட்டி ஒன்று திரையில் வந்தது. மடிப்புகளுக்கு நடுவே வட்ட வட்டமாக நிழல் தெரிந்தது. பொத்தானாக இருக்கும் என்றார் பக்கத்திலிருந்தவர். "சேலைக்கு ஏது பொத்தான்?" என்று இவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். காலுறைகளுக்குள் திணித்த நட்சத்திர ஆமைகள் நாற்பத்து மூன்று. அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'உங்கள் விழிப்புக்கு நன்றி' என்று எழுதிய அந்தக் காகிதம் கிளமெண்டி வீட்டின் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதுவரைக்கும் வெறும் ஜாக்கிரதைக்காரராக இருந்த மனுஷனை அந்த ஆமைகள்தான் கெடுத்தன என்பாள் அவர் மனைவி சரசு.

ஓய்வு பெற்றதும் திரை போய்விட்டது, பார்வை போகவில்லை. அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

காளான் கதை தொடங்கியதும் அதனால்தான். இறைச்சியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சரசு காளான் வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்தாள். அழகேசன் காலி பாக்கெட்டைக் குப்பையிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"எந்த ஊர்ல வளர்ந்தது, எந்தத் தண்ணியில வளர்ந்ததுன்னு ஒரு வார்த்தை இருக்கா பாரு."

"ஊரே திங்குது. நீங்க மட்டும் என்ன?" என்றாள் சரசு.

"ஊர் திங்கும் லா. ஊருக்கு என்ன தெரியும்."

அன்று மாலையே வீட்டில் காளான் வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. வைக்கோல், மரத்தூள், பிளாஸ்டிக் பை எல்லாம் வேண்டாம். அதற்குள் யார் எதைக் கலந்தார்களோ. வெட்டிய மரக்கட்டை, அதுவும் கண்ணெதிரே வெட்டிய கட்டை என்றால்தான் அவருக்கு மனசு ஒப்பியது.

லிட்டில் இந்தியாவில் செடிகொடிச் சாமான்கள் விற்கிற யாக்கூப் பாய் வித்துக்கட்டைகளை வரவழைத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்ன மர முளைகள். சிப்பிக் காளானின் வெள்ளைப் பூஞ்சை பஞ்சு ஒட்டியதுபோல அவற்றின்மேல் படர்ந்திருந்தது. மரத்தில் துளை போட்டு இவற்றை அடித்து இறக்கினால், பூஞ்சை கட்டைக்குள் பரவி, ஐந்தாறு மாதத்தில் காளானாக வெளியே வரும்.

"வெட்டி ரெண்டு வாரத்துக்குள்ள போட்டுடுங்கண்ணே. ரொம்ப நாள் விட்டா வேற பூஞ்சை வந்து உக்காந்துக்கும். முக்கியமா, துளைக்குள்ள எதையும் போடாதீங்க. மருந்து கிருந்து ஒண்ணும் வேணாம்" என்றார் பாய்.

அழகேசன் தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் சரசுவிடம், "ஏன் ஒண்ணும் போடாதேங்கிறான், யோசிச்சியா? கெட்டுப்போனா மறுபடி இவன்கிட்டதானே வாங்கணும்" என்றார். சரசு பக்கத்துக் கடையில் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்த வாரம் கட்டையும் கிடைத்தது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் யாரோ எப்போதோ நட்ட மாமரம் ஒன்று, மழையில் சாய்ந்து நடைபாதைக் கூரைமேல் படுத்துவிட்டது. அதை வெட்ட ஒப்பந்தக்காரரின் லாரி வந்தது. ரம்பம் பிடித்தவன் பிரபாகர். பட்டுக்கோட்டைப் பக்கம், முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயசு, சிங்கப்பூருக்கு வந்து பத்து வருஷம். ஊரில் மனைவியும், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணும்.

அழகேசன் கட்டை கேட்டார். பிரபாகர் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"வெட்டுன மரமெல்லாம் கம்பெனி யார்டுக்குத்தான் போகணும்ணே. யாருக்கும் குடுக்கக் கூடாதும்பாங்க. சரி, வீட்டுக்குத்தானே கேக்கறீங்க. எவ்வளவு நீளம் வேணும்?"

இரண்டடி நீளத்தில் ஆறு கட்டை அறுத்து, தரைத்தளத்தில் இருந்த அழகேசன் வீட்டு வாசல்வரை தோளில் சுமந்து வந்து வைத்தான். அழகேசன் பர்ஸை எடுத்தார். "அட, போங்கண்ணே" என்று கையைத் தட்டிவிட்டான். சரசு வடையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். தட்டைப் பார்க்கக்கூட இல்லை, வாங்கியதும் வாயில் போட்டுக்கொண்டான். யார் வீடு, யார் செய்தது, என்ன எண்ணெய் என்று ஒன்றும் கிடையாது. அழகேசனுக்கு அதைப் பார்க்க ஆச்சரியமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படி ஒரு மனுஷன் எப்படி நாற்பது வயசுவரை உயிரோடு இருக்கிறான்?

அவன் போன பிறகு பர்ஸ் உறுத்தியது. கைநீட்டி வாங்குகிறவனைப் புரிந்துகொள்ளலாம். வேண்டாம் என்கிறவன் எதற்காக வேண்டாம் என்கிறான்? எதற்கும் இருக்கட்டும் என்று லாரியின் கதவில் எழுதியிருந்த கம்பெனி போன் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கட்டைகளை நிழலில் கிடத்தினார். பதினோராம் நாள் சமையலறையை அடுத்த துணி காயப்போடும் இடத்தில் பழைய பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார். முதலில் தேங்காய் நார் பிரஷால் பட்டைமேல் இருந்த பாசியைத் தேய்த்தார். பிறகு டிரில் மெஷினின் முனையில், ஓர் அங்குலத்துக்குமேல் இறங்கிவிடாதபடி சிவப்பு டேப் சுற்றினார். நான்கு விரல் இடைவெளி விட்டு, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் துளைகள் நேருக்கு நேர் வராமல் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். மாங்கட்டையின் உள்சதை வெளிர் மஞ்சளாகச் சுருள் சுருளாக வந்து விழுந்தது. வீடெல்லாம் பச்சை மர வாசனை. அழகேசனுக்கே தெரியாமல் வாய் எதையோ முணுமுணுத்துப் பாடியது. வேலை சுத்தமாகத்தான் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வித்துக்கட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நன்றாக வெள்ளை படர்ந்தவை வலப்பக்கம், மங்கியவை இடப்பக்கம். அப்புறம் துளைகளைப் பார்த்தார். ஈரமாக, திறந்த வாயோடு, நூற்றுக்கும் மேற்பட்ட புண்கள். டிரில் முனையில் என்ன கிருமி இருந்ததோ. பத்து நாளில் காற்றில் என்ன வந்து உட்கார்ந்ததோ. சமையலறைக்குப் போனார், வந்தார். சுத்தியல் எடுத்து வித்துக்கட்டைகளைத் துளைகளில் அடித்து இறக்கினார். பால் டப்பாவில் தேன்மெழுகைப் போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் அந்த டப்பாவை இறக்கி உருக்கி, ஒவ்வொரு துளையின் வாயையும் பிரஷால் மூடினார். ஐந்து கட்டைகள் முடிந்தன.

ஆறாவது கட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரிந்து, அங்கே கருப்பாக ஒரு திட்டு. முதல் நாளிலிருந்தே அதன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. நல்ல கட்டைகளோடு தெரிந்தே ஒரு சொத்தையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறான் பிரபாகர் என்றுதான் நினைத்தார். இடப்பக்கம் ஒதுக்கிய மங்கல் வித்துக்கட்டைகளை அதில் நாலு தட்டுத் தட்டி இறக்கி, டப்பாவில் ஒட்டியிருந்த மெழுகைப் பூசி, வீட்டின் பின்பக்கத்து மண்ணில் கொண்டுபோய்ப் போட்டார். சரசு மறுநாளே அதன்மேல் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டாள்.

அன்று இரவுச் சமையலின்போது சரசு அலமாரியை உருட்டிக்கொண்டிருந்தாள். "தேக்கா மார்க்கெட்டுல வாங்குன மஞ்சத்தூள் பாக்கெட்டு எங்கேங்க? பிரிக்கக்கூட இல்ல."

"அங்கதான் இருக்கும், பாரு" என்றார் அழகேசன், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த நோட்டில் எல்லாம் இருந்தது. எந்தத் தேதியில் எத்தனை துளை, ஒருநாளைக்கு எத்தனை முறை தண்ணீர் தெளித்தது, மழை பெய்த நாள், வெயில் அடித்த நாள். கொசுப் புழு சோதனைக்கு வந்த அதிகாரி கட்டைகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தார் என்பதும் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா நடைபாதையைக் கழுவிய நாள்களில் பிளீச் வாடை வந்ததா இல்லையா என்பதும் இருந்தது.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். கட்டைகள் கட்டைகளாகவே கிடந்தன. மே மாதம் ஐந்தையும் பெரிய தொட்டியில் ஒருநாள் முழுக்க ஊறவைத்து, கொசு முட்டையிடாமல் இருக்கத் தொட்டியைத் துணியால் இறுக மூடி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊறவைத்தால் கட்டை விழித்துக்கொள்ளும் என்று யாக்கூப் பாய் சொல்லியிருந்தார். விழிக்கவில்லை. ஒரு கட்டையின் முனையில் கூட வெள்ளை தெரியவில்லை.

அழகேசன் ஒவ்வொருவராக விசாரித்தார், மனசுக்குள்தான். பிளீச் அம்மாவின் தண்ணீர் இந்தப் பக்கம் வரவே வழியில்லை. கொசு அதிகாரி எதையும் தொடவில்லை. யாக்கூப் பாய் செத்த வித்தை விற்றிருக்கலாம். ஆனால் வெள்ளைப் பூஞ்சையைத் தன் கண்ணாலேயே பார்த்தார். மிச்சம் இருந்தது மரமும், அதைக் கொடுத்தவனும்.

மாதத்துக்கு ஒருமுறை புல்வெட்ட வருகிற கூட்டத்தோடு பிரபாகர் வருவான். ஒவ்வொரு முறையும், "காளான் வந்துச்சாண்ணே?" என்று கேட்பான். ஏன் கேட்கிறான்? சரக்குப் பிரிவில் பழகிய முறைப்படி, ஒரே கேள்வியை மூன்று முறை மூன்று விதமாகக் கேட்டார் அழகேசன். என்ன மரம் என்றதற்கு மாமரம் என்றான். இன்னொரு நாள், ஒட்டு மாமரம் மாதிரி இருந்தது என்றான். மூன்றாம் முறை, "நல்ல மரம்ணே, நாந்தானே வெட்டுனேன்" என்று சிரித்தான். மூன்று பதில். வெட்டுவதற்கு முன்னால் மரத்துக்கு மருந்து ஏதாவது ஏற்றினார்களா என்றதற்கு, "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். தெரியாது என்கிறவன் தெரிந்தவன் என்பது அழகேசனின் இருபத்தெட்டு வருஷத்துப் பாடம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், எதிர் புளோக்கின் கீழே ஒரு சீனத் தாத்தாவிடம் பிரபாகர் இரண்டு கட்டைகளைக் கொடுப்பதைப் பார்த்தார். ஆர்க்கிட் செடி கட்டி வளர்க்க அந்தத் தாத்தா கேட்டு வாங்கியது அது. ஆனால் அது அழகேசனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள அவர் போகவும் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு வியாபாரம். வெட்டிய மரத்தை ஊரெல்லாம் விற்கிறான். மருந்து ஏற்றிய மரம். அதைத்தான் நம் தலையிலும் கட்டியிருக்கிறான். ஆமைப் பெட்டியைத் திறந்த அன்று உடம்பில் ஓடிய அதே சிலிர்ப்பு அவருக்குள் ஓடியது.

நோட்டைப் புரட்டி, லாரிக் கதவின் எண்ணுக்குப் போன் செய்தார். கம்பெனிப் பெண் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பெயர் சொன்னார். தேதி சொன்னார். எத்தனை கட்டை, எந்த புளோக், எல்லாம் சொன்னார். கடைசியில் அந்தப் பெண், "உங்கள் விழிப்புக்கு நன்றி, சார்" என்றாள். போனை வைத்துவிட்டு அழகேசன் கூடத்துச் சான்றிதழை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அன்று இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். சரசுவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் பின்பக்கத்திலிருந்து சரசு கூப்பிட்டாள்.

"ஏங்க! இங்க வாங்களேன். கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கீழ பாருங்க."

ஆறாவது கட்டை பூத்திருந்தது. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீரைக் குடித்துக் குடித்து, பட்டை உரிந்த அந்தக் கருப்புத் திட்டைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக, சிப்பி சிப்பியாகக் காளான். பெரியது சரசுவின் உள்ளங்கை அளவு இருந்தது.

அழகேசன் குனிந்தார், முகர்ந்தார். "இது வேற ஏதோ. விஷக் காளான்" என்றார். ஆனால் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

ஒன்றைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு, சரசுவையும் கூட்டிக்கொண்டு யாக்கூப் பாய் கடைக்குப் போனார். பாய் அதைத் திருப்பிப் பார்த்தார், மடிப்புகளை விரலால் தடவினார்.

"நம்ம வித்துதான். அருமையா வந்திருக்கு. மத்த அஞ்சும்?"

"ஒண்ணுகூட வரல. மரத்துல கோளாறு பாய். மருந்து ஏத்துன மரம்."

"ஒரே மரம்தானேண்ணே? அதுல கோளாறுன்னா இது மட்டும் எப்படி வரும்? அந்த அஞ்சுக்கும் துளைக்குள்ள ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஒண்ணும் போடல."

அவர் பொய் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பக்கத்தில் நின்ற சரசு மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் மஞ்சத்தூள்" என்றாள்.

விரல் நறுக்கினால் மஞ்சள் வைக்கிற வீடு. மீன் கழுவினால் மஞ்சள், முகத்தில் பரு வந்தால் மஞ்சள், தொண்டை கட்டினால் பாலில் மஞ்சள். துளைகள் புண்ணாகத் தெரிந்த அந்த நிமிஷத்தில் அழகேசனின் கால் தானாகச் சமையலறைக்குப் போயிருந்தது. வெந்நீரில் மஞ்சள் தூளைக் குழைத்து, மருந்துப் புட்டியின் சொட்டுக்குழாயால் ஒவ்வொரு துளைக்குள்ளும் நிரப்பி, வடியவிட்டு, அப்புறம்தான் வித்துக்கட்டையை அடித்தார். ஐந்தாவது கட்டையோடு பாக்கெட் தீர்ந்துவிட்டது. இதையெல்லாம் நோட்டில் எழுதுவார்களா? மூச்சு விட்டதை யாராவது எழுதி வைப்பார்களா?

பாய் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "மஞ்சள் பூஞ்சையக் கொல்லும்ணே. காளானும் பூஞ்சைதானே லா. நீங்களே விதைச்சு நீங்களே விஷம் வெச்சிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து முதல் கட்டையின் மெழுகைக் கத்தியால் நெம்பினார். உள்ளே வித்துக்கட்டை கருத்துச் செத்திருந்தது. துளையைச் சுற்றி இன்னும் அழியாத மஞ்சள் வளையம். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சரசுவிடம் அந்தப் போன் விஷயத்தைச் சொன்னார்.

சரசு கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "அவன் உங்ககிட்ட காசு வாங்கினானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

அவமானம் என்றால் என்ன என்று அழகேசனுக்கு அறுபத்து மூன்று வயசில் தெரிந்தது. கம்பெனிக்குப் போன் செய்தார். அதே பெண்தான் எடுத்தாள். தவறு தன்னுடையது, மரம் நல்ல மரம், அவன் விற்கவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன் என்றார்.

"அங்கிள், கட்டை கொடுத்தது உண்மைதானே? அவரே ஒத்துக்கிட்டார். அவரோட வேலை பெர்மிட் இந்த மாசம் முடியுது, கம்பெனி புதுப்பிக்கல. டிக்கெட் போட்டாச்சு."

"நான் நேர்ல வந்து எழுதிக் குடுக்கறேன் மா."

"முடிஞ்சு போச்சு அங்கிள்."

அந்த வாரம் புல்வெட்ட வந்தவர்களிடம் பிரபாகர் எங்கே என்று கேட்டார். ஒருவன் இயந்திரத்தை அணைக்காமலே, "நீங்க யாரு? எதுக்குக் கேக்கறீங்க?" என்றான். அழகேசன் இத்தனை காலம் ஊரைப் பார்த்த பார்வை அது. இப்போது அதை எதிரில் நின்று வாங்கிக்கொண்டார். கடைசியில் அவன்தான் சொன்னான்: செவ்வாய்க்கிழமை விமானம், ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க லிட்டில் இந்தியா வருவான், ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துத் திடலில் இருப்பான்.

சனிக்கிழமை மாலை சரசு, மிச்சமிருந்த காளான் எல்லாவற்றையும் பறித்தாள். மறுநாள் காலையில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து, டிபன் டப்பாவில் வைத்து, அவர் கையில் கொடுத்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம திரும்பி வராதீங்க."

திடலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரபாகர் ஓரமாகத் தனியாக இருந்தான். பக்கத்தில் நைலான் கயிறு போட்டு இறுக்கிய பெரிய அட்டைப் பெட்டி. நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் அவன் பெயரும் ஊரும். உள்ளே என்ன என்று அழகேசனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெட்டியைப் பார்த்து அப்படித் தோன்றாமல் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"வாங்கண்ணே!" பிரபாகர் எழுந்தேவிட்டான். "காளான் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"நாந்தான் சொன்னேன்ல, நல்ல மரம்னு." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஊருக்குப் போறேண்ணே. அனுப்பறாங்க. பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ். பார்ப்போம்."

"கேள்விப்பட்டேன்."

"கூட இருந்தவனே குழி பறிச்சிட்டாண்ணே. ரத்னவேல்னு ஒருத்தன். எட்டு வருஷம் ஒரே ரூம், ஒரே சட்டியில சோறு. உங்களுக்குக் கட்டை குடுத்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை கட்டைன்னுகூட ஆபீஸ்ல சொல்றாங்கண்ணே. வேற யாரு சொல்லியிருக்க முடியும்? ஒரு மாசமா அவன் மூஞ்சியில முழிக்கல. நான் இல்ல, நான் இல்லன்னு அழுதான். கன்னத்துல அடிச்சிட்டேன்."

அழகேசனின் கையில் டப்பா சூடாக இருந்தது. இங்கே வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை அவன் விமானம் ஏறிவிடுவான். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. சரசுவின் முகமும் கூடவே வந்தது.

"ரத்னவேல் இல்லப்பா" என்றார். "நான்."

பிரபாகருக்குப் புரியவில்லை. அழகேசன் எல்லாவற்றையும் சொன்னார். லாரிக் கதவில் இருந்த எண், மூன்று முறை கேட்ட கேள்வி, சீனத் தாத்தா, போன், மஞ்சள். மஞ்சளைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பிரபாகர் போனை எடுத்து ரத்னவேலின் எண்ணை அழுத்தினான். காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அப்போதும் எடுக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"அவன் அழுதாண்ணே" என்றான். "நான் நம்பல."

அழகேசன் என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவை நீட்டினார். "உன் கட்டையில வந்தது. சரசு குடுத்துவிட்டா."

பிரபாகர் வாங்கிக்கொண்டான். மடியில் வைத்துத் திறந்தான். மிளகு வாசனை வந்தது. தட்டைக்கூடப் பார்க்காமல் வடையை வாயில் போட்டுக்கொண்ட அந்த மனுஷன், டப்பாவை மெல்ல உயர்த்தி மூக்கருகே கொண்டுபோனான். ஒரு துண்டை விரலால் புரட்டி, அடிப்பக்கம் பார்த்தான். பிறகு டப்பாவை அழகேசன் பக்கம் நகர்த்தினான்.

"நீங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்கண்ணே" என்றான்.

அழகேசன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். விழுங்கும்வரை பிரபாகர் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.